காருக்குள் குளம்! குழாயைப் பார்த்தீர்களா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், சேலம் நாமக்கல் வட்டாரத்துக் கார் பட்டறைகளில் ஒரு புகார் அதிகமாகக் கேட்கும். "காருக்குள்ளே தண்ணீர் நிற்கிறது!" என்பதே அந்தப் புகார்.

டிரைவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் இதை முதலில் கண்டுபிடிப்பார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டுவார். சில்லென்று இருக்கும். குனிந்து பார்த்தால் கால் மிதி நனைந்து கிடக்கும். அழுத்தி மிதித்தால் "சளக்" என்று சத்தம் வரும்.

உடனே வீட்டில் விசாரணை ஆரம்பமாகும். குழந்தை தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டதா? இரவில் கண்ணாடியை ஏற்ற மறந்துவிட்டார்களா? குற்றவாளி அகப்பட மாட்டார். துடைத்துவிட்டு வண்டியை எடுப்பார்கள். மாலையில் மறுபடியும் குளம்!

பிறகு கார் பட்டறைக்குப் போகும். அங்கேதான் பணப்பைக்கு ஆபத்து காத்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். காருக்குள் ஏ.சி. தண்ணீர் ஒழுகினால், பெரும்பாலும் ஏ.சி. கெட்டுப்போகவில்லை. விரல் மொத்தமுள்ள ஒரு ரப்பர் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுத்தம் செய்வது சின்ன வேலை. அந்தச் சின்ன வேலையைச் செய்து பார்க்காமல், பெரிய வேலைக்கு யாரும் பில் எழுதக் கூடாது. காருக்குச் சொந்தக்காரரும், "குழாயைப் பார்த்தீர்களா?" என்று கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கக் கூடாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஏ.சி.க்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. பின்னே அது எப்படித் தண்ணீர் விடுகிறது?

ஐஸ் போட்ட சர்பத் கிளாஸை மேஜை மேல் வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் கிளாஸின் வெளிப்பக்கம் வேர்க்கும். சர்பத் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரவில்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஈரம், குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் தண்ணீராகிறது. அவ்வளவுதான்.

காரிலும் இதே கதைதான். டாஷ்போர்டுக்குப் பின்னால், முன் சீட்டுக்காரரின் முழங்காலுக்கு எதிரே, அலுமினியத்தால் ஆன ஒரு குளிர்ச் சுருள் இருக்கிறது. அதன் ஊடே காஸ் ஓடுகிறது. அதன் மேலே காற்றாடி காற்றை வீசுகிறது. காற்று குளிர்கிறது. சுருள் வேர்க்கிறது.

எவ்வளவு வேர்க்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மழைக்காலத்தில், 28 டிகிரி உஷ்ணத்தில், காற்றில் ஈரம் நூற்றுக்கு 80 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 22 கிராம் தண்ணீர் இருக்கும். அந்தக் காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால், அதனால் 10 கிராமுக்கும் குறைவாகத்தான் தாங்க முடியும். மீதி 12 கிராம் தண்ணீராகக் கீழே இறங்கியாக வேண்டும். வெளிக்காற்றை மணிக்கு 200 கன மீட்டர் இழுத்தால், ஒரு மணி நேரத்தில் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர்! உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் இதைவிடக் குறையும். ஆனாலும், சேலத்தில் புறப்பட்டு நாமக்கல் போய்ச் சேருவதற்குள் ஒரு பெரிய சொம்பு நிறையும் என்றால் அது மிகை இல்லை.

"சித்திரை வெய்யிலில் காற்று காய்ந்து கிடக்கிறதே, அப்போது தண்ணீர் வராதே?" என்று கேட்கலாம். வரும். 38 டிகிரி வெய்யிலில், ஈரம் 35 பங்குதான் என்றாலும், கன மீட்டருக்கு 16 கிராம் தண்ணீர் காற்றில் இருக்கிறது. வறட்சி நமக்குத்தான், ஏ.சி.க்கு இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏர்-கண்டிஷன் யந்திரம் பிறந்ததே மனிதர் உடம்பைக் குளிர வைப்பதற்காக அல்ல. காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிப்பதற்காகத்தான்! அதுவும் ஓர் அச்சகத்துக்காக! அமெரிக்காவில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு வர்ண அச்சகம் இருந்தது. காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் விரியும். ஈரம் இறங்கினால் சுருங்கும். ஒரு வர்ணத்தின் மேல் அடுத்த வர்ணம் சரியாக உட்காராது. படத்தில் உதடு ஓர் இடத்திலும் உதட்டுச் சிவப்பு வேறோர் இடத்திலும் விழும். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க, வில்லிஸ் காரியர் என்ற 25 வயது என்ஜினீயர் 1902-ம் ஆண்டில் போட்ட திட்டம்தான் இன்றைய ஏ.சி.க்கு மூலம். பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு பெருமை!

காருக்கு ஏ.சி. வந்தது பிற்பாடு. அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனி 1940-ம் வருஷத்து மாடலில் வைத்தது. குளிர்ச் சுருள் பின் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஏ.சி. வேண்டாம் என்றால், வண்டியை நிறுத்தி, என்ஜின் மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! 1954-ல் நாஷ் கம்பெனி இந்தச் சாமான்களை எல்லாம் காரின் முன்பக்கத்திலேயே அடக்கியது. அதனால்தான் இன்று குளம் முன் சீட்டில் கட்டுகிறது.

மதகு அடைத்தால்?

சுருளில் வேர்க்கும் தண்ணீர் கீழே ஒரு தட்டில் விழுகிறது. தட்டின் அடியில் ஒரு துவாரம். துவாரத்தில் அந்த ரப்பர் குழாய். குழாய் என்ஜின் பக்கமாகவோ, தரை வழியாகவோ காருக்கு வெளியே போகிறது. ஏ.சி. போட்டு நிறுத்திய காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது இதனால்தான். இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். சொட்டினால்தான் நல்லது. ஈரக் காலத்தில் ஏ.சி. போட்டும் கீழே சொட்டவில்லை என்றால், அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

மேட்டூர் அணையில் 120 அடி வரை தண்ணீர் நிற்கலாம். அதற்குமேல் வரும் வெள்ளத்தைத் திறந்துவிட்டாக வேண்டும். காரில் உள்ள தட்டோ இரண்டு விரல் உயரம் தாங்கினால் அதிகம். மதகு அடைத்துக்கொண்டால் கரை வழிந்து கால் மேல் கொட்ட வேண்டியதுதான்.

எது அடைக்கிறது? முதல் எதிரி தூசி. நம் நெடுஞ்சாலைகளில் லாரிக்குப் பின்னால் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தூசியும் ஈரமும் சேர்ந்தால் சேறு. அதில் பூஞ்சை பிடித்தால் வழவழப்பான ஒரு பாசி. அதுவே குழாய்க்குத் தக்கை.

இரண்டாவது எதிரி வேப்பமரம். நிழலுக்காக மரத்தடியில் காரை நிறுத்துகிறோம். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையில் பொடி இலையும் பூவும் விழுகின்றன. அங்கேதான் ஏ.சி. வெளிக்காற்றை இழுக்கிறது. காற்று வடிகட்டி இல்லாத வண்டியிலும், அது கிழிந்துபோன வண்டியிலும் இந்தக் குப்பை சுருள் வரை போய்ச் சேரும்.

மூன்றாவது எதிரி குளவி. பல நாள் ஓடாமல் நிற்கும் காரில், குழாயின் வெளி வாயில் மண் கூடு கட்டிவிட்டுப் போய்விடும். வாடகை கூடக் கொடுக்காது!

அடைப்பு அரைகுறையாக இருந்தால் சமவெளியில் ஒன்றும் தெரியாது. ஏற்காட்டு மலையில் ஏறும்போது தெரியும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தட்டில் நிற்கும் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும். டாஷ்போர்டுக்குள் "சளக், சளக்" என்று கேட்கும். கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கு 70 வளைவு. 70 தடவை கேட்கலாம். மலை மேல் குளிராக இருக்கிறதே என்று ஏ.சி.யை அணைத்திருப்பார்கள். ஆனாலும் கால் நனையும். அதனால் பலர் மழையின் மேல் பழியைப் போடுகிறார்கள்.

மழையா, ஏ.சி.யா, வேறா?

மழையும் சில சமயம் குற்றவாளிதான். கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் இலையால் அடைத்துக்கொண்டால், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். கதவு ரப்பர் கெட்டிருந்தாலும் இறங்கும். கண்டுபிடிப்பது சுலபம். மழை இல்லாத நாளில் ஏ.சி. போட்டு ஓட்டுங்கள். நனைந்தால் ஏ.சி. ஏ.சி. போடாமல், நின்ற வண்டியின் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். நனைந்தால் மழை வழி.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதில் அலட்சியம் கூடாது. என்ஜினைக் குளிர வைக்கும் ரேடியேட்டர் திரவத்தில் ஒரு பகுதி, ஹீட்டருக்காக டாஷ்போர்டுக்குள் வந்து போகிறது. அந்தச் சுருள் ஓட்டையானாலும் தரை நனையும். விரலால் தொட்டுப் பாருங்கள். ஏ.சி. தண்ணீர் வெறும் தண்ணீர். நிறம் இராது, பிசுபிசுக்காது. ரேடியேட்டர் திரவம் பச்சை, சிவப்பு என்று ஏதாவது நிறத்தில் இருக்கும். பிசுபிசுக்கும். இனிப்பாக ஒரு வாசனை அடிக்கும். அது விஷம். ருசி பார்க்கக் கூடாது. குழந்தையையும் நாயையும் கிட்டே விடக் கூடாது. அப்படி இருந்தால் குழாய் வேலை இல்லை. உடனே பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

பில் வந்தது பாரீர்!

ராசிபுரத்தில் எனக்குத் தெரிந்த ஜவுளி வியாபாரி ஒருவர் இருக்கிறார். பட்டுச் சேலையில் ஒரு நூல் விலகியிருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். அவர் காரில் தண்ணீர் ஒழுகியது. ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனார். "காஸ் குறைந்துவிட்டது" என்றார்கள். காஸ் நிரப்பினார்கள். பணம் வாங்கினார்கள். நாலாம் நாள் மறுபடியும் ஈரம். "சுருளை மாற்ற வேண்டும், டாஷ்போர்டு முழுவதும் இறக்க வேண்டும்" என்றார்கள். அவர் பயந்துபோய், தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினார். அந்தப் பையன் வண்டிக்குக் கீழே போனான். குழாயின் வாயைக் கிள்ளினான். கறுப்பாக ஒரு கட்டி விழுந்தது. பிறகு தண்ணீர் அருவியாகக் கொட்டியது. வேலை முடிந்தது!

பெரிய பட்டறை எல்லாம் மோசம், தெருமுனை எல்லாம் உத்தமம் என்று நான் சொல்ல வரவில்லை. தெருமுனையில் இரும்புக் கம்பியை விட்டுக் குத்தி, நல்ல சுருளை ஓட்டை போட்டவர்களும் உண்டு. என் குறை வேறு. காஸ் என்பது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது பெட்ரோலைப் போல் செலவாகித் தீருவது இல்லை. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் காட்டாமல் காஸ் மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. அதிலும், தண்ணீர் ஒழுகும் புகாருக்குக் காஸ் நிரப்புவது வயிற்றுவலிக்குத் தலையில் தைலம் தேய்ப்பதே.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். காஸ் குறைந்தாலும், வடிகட்டி தூசியால் அடைத்துக் காற்று போகாவிட்டாலும், சுருளின் மேல் ஐஸ் பிடிக்கலாம். வண்டியை நிறுத்தியதும் ஐஸ் முழுவதும் ஒரேயடியாக உருகி வழியும். ஆனால் அப்போது முன்கூட்டியே அடையாளம் தெரியும். ஓட ஓடக் காற்று குறைந்துகொண்டே வரும், குளிர்ச்சியும் போய்விடும். குளிர்ச்சி நன்றாக இருந்து, காற்றும் நன்றாக வந்து, தரை மட்டும் நனைகிறது என்றால், சந்தேகம் முதலில் குழாய் மேல்தான் போக வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

வண்டியைச் சமமான தரையில், என்ஜின் ஆறிய பிறகு பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே நுழைவது தற்கொலைக்குச் சமம். வண்டியைத் தூக்கும் வசதி உள்ள இடத்தில் செய்வதே நல்லது. சில கார்களில் குழாயின் வாய் என்ஜின் பக்கமாக, மேலிருந்தே தெரியும். அப்படியானால் வீட்டிலேயே செய்யலாம். குழாயின் நுனியைக் கையால் பிசைந்துவிட்டு, வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் கம்பியை மெதுவாகக் கொஞ்ச தூரம் விடலாம். இரும்பு வேண்டாம். காற்று அடித்தாலும் குறைந்த வேகத்தில் அடிக்க வேண்டும். டயருக்கு அடிக்கிற வேகத்தில் அடித்தால் குழாய் உள்ளே கழன்றுகொள்ளும். அப்புறம் நிஜமாகவே டாஷ்போர்டை இறக்க வேண்டி வரும்.

அடைப்பு போனதும் கார் மிதியைத் தூக்கிப் பார்ப்பது அவசியம். மேலே துணி காய்ந்த மாதிரி இருக்கும். அடியில் உள்ள பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும். இதைக் காய வைக்காமல் விட்டால் ஒரு வாரத்தில் முக்கல் நாற்றம். அதை மறைக்க வாசனைப் புட்டி வாங்கி மாட்டுவார்கள். நாற்றமும் வாசனையும் சேர்ந்து அடிக்கும்! மிதியைக் கழற்றி வெய்யிலில் போடுங்கள். வெய்யிலுக்கா நமக்குப் பஞ்சம்?

ஊர் வந்து சேருவதற்குச் சில நிமிஷம் முன்னால் ஏ.சி.யை அணைத்துவிட்டு, காற்றாடியை மட்டும் ஓடவிடும் பழக்கம் நல்லது. சுருள் உலரும். பாசி பிடிப்பது குறையும். ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியைக் கழுவுகிறோம். சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அன்றைக்கே இந்தக் குழாயையும் பார்த்துவிட்டால், அடுத்து வரும் ஐப்பசி மழைக்குக் கவலை இல்லை.

சிலர் ஒரு குறுக்கு வழி சொல்லுவார்கள். "தரையில் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கிவிடு, தண்ணீர் தானாக இறங்கிவிடும்" என்பார்கள். செய்யாதீர்கள்! தண்ணீர் இறங்கும் வழியில் புகையும் ஏறும். என்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளைத் தூங்க வைத்துக் கொன்றுவிடும்.

ஈரத்தை அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்துதான். இன்றைய காரில் மிதிக்கு அடியிலும், சீட்டுக்கு அடியிலும் மின்சார ஒயர்களின் இணைப்புகள் ஓடுகின்றன. விபத்தின்போது உயிரைக் காப்பாற்றும் காற்றுப்பையை இயக்கும் பெட்டி, பல கார்களில் நடுத் தரையில்தான் இருக்கிறது. தண்ணீர் பட்டு அங்கே பச்சைக் களிம்பு ஏறினால், டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். "அது சும்மா எரிகிறது" என்று ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சும்மா எரிவதில்லை. அந்தப் பை வேண்டிய சமயத்தில் விரியாமல் போகலாம். சின்னக் குழாய்தான், ஆனால் விவகாரம் உயிர் வரை போகிறது.

லாரிக்கும் வந்துவிட்டது

இதை நாமக்கல் பக்கம் உரக்கச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை ஏ.சி. காரோடு நின்றது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்கு வண்டிகளில் டிரைவர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. 2025-ல் அது அமுலுக்கு வந்தது. நல்ல விதி. என்ஜின் சூட்டில் வெந்துகொண்டே மகாராஷ்டிரம், குஜராத் என்று ஓட்டும் டிரைவருக்கு இந்தக் குளிர்ச்சி எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. தூக்கமும் களைப்பும் குறைந்தால் எதிரே வருகிறவருக்கும் க்ஷேமம்.

ஆனால் லாரியின் நிலைமை வேறு. கார்க்காரர் ஈரத்தைக் கண்டால் வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போவார். லாரி டிரைவருக்கு அந்த அறைதான் வீடு. அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் படுக்கை, பெர்மிட் காகிதமும் அங்கேதான். ஊரை விட்டுப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். பாஷை தெரியாத ஊரில் "காஸ் போட வேண்டும்" என்று யாராவது சொன்னால், அவர் முதலாளிக்குப் போன் போட வேண்டும். முதலாளி சங்ககிரியிலோ திருச்செங்கோட்டிலோ உட்கார்ந்துகொண்டு அதை நம்பவா வேண்டாமா என்று விழிக்க வேண்டும். நஷ்டம் எந்தப் பக்கம் விழுந்தாலும், அநேகமாக டிரைவரின் படியில்தான் கை வைப்பார்கள்.

ஆகையால் கம்பெனிகள் ஒன்று செய்யலாம். அடியில் தண்ணீர் சொட்டுவது இயல்பு என்று பல கையேடுகளில் ஒரு வரி இருக்கிறது. அது டிரைவருக்குப் போதாது. குழாய் எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி போட்ட ஒரு சின்னப் படம், தமிழிலும் இந்தியிலும் எழுதி, டிரைவர் கதவின் உள்பக்கம் ஒட்டிக் கொடுக்கட்டும். செலவு காகித விலைதான்.

லாரிக்குக் கூடு கட்டுவதில் நாமக்கல் பட்டறைகளுக்கு நாடெங்கும் பெயர் உண்டு. இங்கே டிரைவர் அறையில் ஏ.சி. வேலை நடக்கும்போது, குளிர்ச்சி எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துவிடக் கூடாது. குழாய்க்குச் சரிவு இருக்கிறதா, பலகைக்கும் இரும்புக்கும் நடுவே நசுங்குகிறதா, நுனி வெளியே கண்ணில் படும்படி வந்திருக்கிறதா என்று லாரி சொந்தக்காரர் பார்க்க வேண்டும். ஏ.சி.யைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, கீழே மண் நனைகிற வரைக்கும் பட்டறை வாசலில் காத்திருந்து, அதன் பிறகு பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாம்.